மூன்று இஞ்ச் உயரம், ஒரு வருட ஸ்டீயரிங் தொல்லை: இரண்டு லிஃப்ட் கிட் போட்டுப் பார்த்த அனுபவம்

பிக்கப் டிரக்கைத் தூக்கிக் கட்ட நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். ஒரு வருடத்தில் இரண்டு லிஃப்ட் கிட், அதாவது வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு, போட்டுப் பார்த்துவிட்டேன். இப்போது யாராவது என்னிடம் அதைக் கேட்டால், "பெட்டிக்குள்ளே பேனார்டு ராட் இருக்கிறதா, பார்த்தீர்களா?" என்று திருப்பிக் கேட்கிறேன். ஆக்சிலைப் பிடிக்கும் குறுக்குக் கம்பி அது.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய பிக்கப். முன்னால் ஒரே துண்டான சாலிட் ஆக்சில், காயில் ஸ்பிரிங், ஆக்சிலைப் பிடித்துக்கொள்ள நான்கு குட்டையான லிங்க் ஆர்ம். 33 இஞ்ச் டயர் போட வேண்டும், பாறைப் பாதையில் வயிறு தட்டக் கூடாது, அவ்வளவுதான் என் தேவை. அதற்கு மூன்று இஞ்ச் போதும் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கில் தப்பில்லை. கிட்டைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு.

முதலில் வாங்கியது ஸ்பேசர் கிட். பெட்டியில் ஸ்பிரிங்குக்கு மேலே வைக்கும் இரண்டு கட்டைகள், கொஞ்சம் நீளமான ஷாக் அப்சார்பர், ஒரு பை போல்ட். அரை நாளில் மாட்டியாகிவிட்டது. நிறுத்தி வைத்துப் பார்க்க வண்டி அழகாகத்தான் இருந்தது. ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஸ்டீயரிங் நடுவில் கனமே இல்லை. நேர் ரோட்டில் வண்டி இடமும் வலமும் அலைந்துகொண்டே போனது. திருப்பத்தில் கையைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை, நான்தான் இழுத்து நேராக்க வேண்டியிருந்தது.

காரணம் கேஸ்டர். முன்சக்கரம் திரும்பும் அச்சு மேலே கொஞ்சம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். சைக்கிளில் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதைப் போலத்தான். அந்தச் சாய்வுதான் சக்கரத்தை நேராகப் பிடித்து வைக்கிறது. வண்டியை மேலே தூக்கினால் லிங்க் ஆர்ம்கள் கீழ்நோக்கி இறங்கும், கூடவே ஆக்சிலும் சுழன்று அந்தச் சாய்வு குறைந்துவிடும். ஆர்ம் எவ்வளவு குட்டையோ அவ்வளவு சீக்கிரம் குறையும். அலைன்மென்டுக்குக் கொண்டுபோனேன். அச்சடித்துக் கொடுத்த தாளில் இடது 1.8 டிகிரி, வலது 2.1 டிகிரி. தூக்குவதற்கு முன் எடுத்த பழைய தாளில் இரண்டுமே 4.5-க்குப் பக்கம். வண்டி அலைந்தது ஏன் என்று அந்த இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அடுத்தது பேனார்டு ராட். சிலர் இதை டிராக் பார் என்பார்கள். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேஸோடு பிடித்துக்கொள்ளும் குறுக்குக் கம்பி இது. ஒரு முனை சேஸில், மறுமுனை ஆக்சிலில். நீளம் மாறாத கம்பி என்பதால், வண்டி உயரும்போது சரிவு கூடி, ஆக்சிலைச் சேஸ் முனை இருக்கும் பக்கமாக இழுத்துவிடும். இரண்டு பக்க மட்கார்டிலிருந்தும் நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். இரண்டு பக்கத்துக்கும் 18 மில்லிமீட்டர் வித்தியாசம். அதாவது ஆக்சில் 9 மில்லிமீட்டர் ஒரு பக்கமாகப் போயிருக்கிறது.

இந்த நிலையில் எனக்குக் கிடைத்த ஆலோசனை, டிராப் பிட்மேன் ஆர்ம் போடுங்கள் என்பது. ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து கீழே இறங்கும் ஆர்மை இன்னும் கீழே இறங்கும்படி மாற்றினால், அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பியான டிராக் லிங்க் மறுபடியும் கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது, நானும் போட்டேன். மேட்டில் ஏறினாலே ஸ்டீயரிங் கையில் தானாகத் திரும்ப ஆரம்பித்தது. முன்பு இருந்ததைவிட மோசம். ஏனென்றால் டிராக் லிங்க்கும் பேனார்டு ராடும் ஒரே சரிவில், ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் மேலும் கீழும் போகும்போது இரண்டும் ஒரே வட்டத்தில் ஆடும். நான் ஒன்றை மட்டும் மட்டமாக்கிவிட்டு மற்றதைச் சரிவாகவே விட்டுவிட்டேன். ஒவ்வொரு குழியிலும் ஆக்சில் ஒரு பக்கம் போக, டிராக் லிங்க் சக்கரத்தை வேறு பக்கம் தள்ளியது. டிராப் பிட்மேன் ஆர்ம் போடுவதாக இருந்தால் பேனார்டு ராடின் சேஸ் முனையையும் அதே அளவு கீழே இறக்குங்கள். அது முடியாது என்றால் இரண்டையுமே தொடாதீர்கள்.

கடைசியில் ஒரு பெரிய உதறல் வந்தது. மணிக்கு 70 கிலோமீட்டர் இருக்கும். பாலத்தின் இணைப்பில் டயர் தட்டியதும் முன்சக்கரங்கள் இரண்டும் வெறிபிடித்த மாதிரி இடமும் வலமும் ஆட ஆரம்பித்தன. ஸ்டீயரிங்கைப் பிடிக்கவே முடியவில்லை. மெதுவாக வேகத்தைக் குறைத்து, கிட்டத்தட்ட நின்ற பிறகுதான் அடங்கியது. பக்கத்தில் என் மகள் இருந்தாள். அன்றைக்கு நான் பயந்தது உண்மை.

ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் டேம்பரை மாற்றிக் கொடுத்தார்கள். மூன்று வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் அதே உதறல். டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், காரணத்தை எடுக்காது. புது டேம்பர் போட்டதும் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், உள்ளே எங்கோ ஒரு பாகம் இன்னும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காரணத்தை வீட்டிலேயே கண்டுபிடித்தோம். வண்டி நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், ஜாக்கியில் தூக்கக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்க, எஞ்சின் ஓட வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது இடமும் வலமும் விடாமல் ஆட்ட வேண்டும், இன்னொருவர் கீழே படுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்க்க வேண்டும். மகள் மேலே, நான் கீழே. முன்சக்கரங்களை இணைக்கும் டை ராடின் முனை, டிராக் லிங்க் முனை, பிட்மேன் ஆர்ம், எல்லாம் சரி. "அப்பா, இன்னும் ஆட்டணுமா?" என்று கேட்டாள். ஆட்டு என்றேன். பேனார்டு ராடின் ஆக்சில் முனையில் விரல் வைத்தபோது டிக், டிக் என்று தட்டியது. போல்ட் இறுக்கமாகத்தான் தெரிந்தது, ஆனால் பிராக்கெட்டில் இருந்த துளை நீளவாக்கில் தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் ஆட்டம்தான் இருக்கும். அவ்வளவு பெரிய உதறலை அந்த ஒரு மில்லிமீட்டர் செய்திருக்கிறது.

துளைக்கு இருபுறமும் கனமான வாஷர் வைத்து வெல்டிங் செய்தேன். அதோடு ஸ்பேசர் கிட்டைக் கழற்றிவிட்டேன்.

இரண்டாவது கிட்டில் மூன்று இஞ்ச் உயரமான காயில் ஸ்பிரிங்கே வருகிறது, கட்டை கிடையாது. நீளத்தை மாற்றிக்கொள்ளும் கீழ் ஆர்ம்கள், நீளம் மாற்றக்கூடிய பேனார்டு ராட், நீள பிரேக் ஹோஸ், திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்வே பாருக்கான லிங்க், சஸ்பென்ஷன் அளவுக்கு மீறி அமுங்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப், அந்த உயரத்துக்கென்று தயாரித்த ஷாக். பழைய பிட்மேன் ஆர்மையே திரும்பப் போடச் சொல்கிறார்கள். அதைப் படித்தபோதே இதைத் தயாரித்தவர்களுக்கு ஸ்டீயரிங் வடிவியல் தெரியும் என்று நம்பிக்கை வந்தது.

தனியாக ஒன்று சேர்த்தேன். என் வண்டியின் டை ராட் தொடங்குவது டிராக் லிங்க்கின் நடுவிலிருந்து, ஒய் வடிவம். இந்த அமைப்பில் ஸ்பிரிங் அமுங்கி எழும்போதெல்லாம் டோ, அதாவது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு, மாறும். டயர் விளிம்பை ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பாகவும், திருப்பித் தடவினால் ரம்பப் பல் போலவும் இருந்தது இதனால்தான். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரத்துக்கு ஒரே நேர்க்கம்பியாகப் போகும் டை ராடுக்கு மாறினேன். டோவை உள்நோக்கி 2 மில்லிமீட்டர் வைத்தோம், அதில் நிற்கிறது.

கீழ் ஆர்ம்களின் நீளத்தை மாற்றி, கேஸ்டரை முதலில் 6 டிகிரிக்கு ஏற்றினேன். ஸ்டீயரிங் அருமை, ஆனால் 90 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் ஒரு அதிர்வு. முன் ஆக்சிலை அந்தப் பக்கம் சுழற்றினால் பினியனின் மூக்கு (சுழற்சி ஆக்சிலுக்குள் நுழையும் இடம்) கீழே இறங்கி, சுழற்சியைக் கொண்டுவரும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்ட் கோணம் கூடிவிடும். ஒவ்வொரு சுற்றாகக் குறைத்து 5-இல் நிறுத்தினேன், அதிர்வு போய்விட்டது. ஸ்டீயரிங் வீல் நேராக நிற்காததை டிராக் லிங்க்கின் நீளத்தை மாற்றும் ஸ்லீவைத் திருகித்தான் சரிசெய்ய வேண்டும். வீலைக் கழற்றி வேறு பல்லில் மாட்டினால் ஸ்டீயரிங் பாக்ஸின் நடுப்புள்ளி தவறிவிடும். நேராக ஓடும்போது பிளே (தளர்வு) மிகக் குறைவாக இருப்பது அந்தப் புள்ளியில்தான்.

இந்தக் கிட்டிலும் குறை உண்டு. ரப்பர் புஷ் உள்ள ஆர்ம் போல்ட்களை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும், தொங்கவிட்டு இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். இவ்வளவு முக்கியமான விஷயத்தைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பேனார்டு ராடின் பூட்டு நட்டு 800 கிலோமீட்டருக்குள் தளர்ந்துவிட்டது. மறுபடியும் இறுக்கி, நட்டிலும் ராடிலும் சேர்ந்தாற்போல் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு உடைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே தெரிந்துவிடும். சுமை இல்லாதபோது ஷாக் கொஞ்சம் கடினம், பின்னால் பாரம் ஏற்றினால் சுகமாக இருக்கிறது.

தனித்தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டி என்றால் கதையே வேறு. அங்கே மேல் ஆர்மின் பால் ஜாயிண்ட் (பந்து வடிவ இணைப்பு) கோணமும் சக்கரத்தைச் சுழற்றும் சிவி ஷாஃப்ட்டின் கோணமும்தான் எல்லை வைக்கும். இரண்டு இஞ்சைத் தாண்டுவதாக இருந்தால் மேல் ஆர்மையும் சேர்த்தே வாங்குங்கள்.

இரண்டாவது கிட்டோடு 9,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மறுபடியும் வாங்க நேர்ந்தால் இதையே வாங்குவேன். முதல் வகைக் கிட்டை, சாலிட் ஆக்சில் வண்டிக்கு மூன்று இஞ்ச் உயரத்தில், யாருக்கும் சொல்ல மாட்டேன். போன வாரம் மகள் அதே பாலத்தில் அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனாள். இணைப்பில் டயர் தட்டியது, ஸ்டீயரிங் அசையவில்லை. வீட்டுக்கு வந்ததும் கீழே படுத்து அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன், சேர்ந்தேதான் இருந்தது. இடது கீழ் பால் ஜாயிண்டில் மட்டும் லேசாகப் பிளே தெரிகிறது, இந்த மாதம் மாற்றிவிடுவேன்.