மேட்டூரில் ‘கட்லா கியாரண்டி’ தூண்டில் பேக்கேஜ்: பணம் அனுப்புவதற்கு முன் படித்துவிடுங்கள்

மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் போட அழைத்துப் போகிறோம் என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆளுக்கு 4,500 ரூபாய். பரிசல், ராடு, ரீல், இரை, ‘அரசு பெர்மிட்’, மதியம் மீன் குழம்புச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். கீழே கொட்டை எழுத்தில் ‘10 கிலோ கட்லா கியாரண்டி’. நானும் என் மச்சானும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் இதில் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். புகார் நிலுவையில் இருப்பதால் நடத்துபவர்கள் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இல்லை, பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எப்படிச் செய்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் ஒன்று. தூண்டிலில் மீன் மாட்டாமல் போவது ஏமாற்று இல்லை. நாள் முழுக்கத் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்ப் பேச்சு வாங்காத தூண்டில்காரன் எவனும் கிடையாது. அன்றைக்கு எங்களுக்கு ஒரு கட்லாகூடக் கடிக்கவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை.

நாங்கள் போனது ஜூலைக் கடைசி. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பி, உபரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஒகேனக்கலில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டிருந்தார்கள். மேட்டூரில் நீர்மட்டம் கிடுகிடுவென ஏறிக்கொண்டிருந்தது. பணம் அனுப்புவதற்கு முன் போனில் இதைக் கேட்டேன். “இப்பத்தான் சார் சீசனே, புதுத்தண்ணிக்கு மீன் வெறியாக் கடிக்கும்” என்றார் அந்த ஆள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் எல்லாரும் நம்பிவிடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழையில் புதுவெள்ளம் வரும்போது கட்லா, ரோகு எல்லாம் முட்டையிடத் தண்ணீரை எதிர்த்து ஏறும். ஏறுகிற மீன் கரையோரம் நின்று நம் புண்ணாக்கு உருண்டையைத் தின்னுமா என்பது வேறு கேள்வி. நீர்த்தேக்கத்தில் கட்லாவுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் ஒரே இடத்தில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் போட்டுப் போட்டு மீனைப் பழக்குவார்கள். தண்ணீர் நாளுக்குச் சில அடி ஏறும்போது நேற்று இரை போட்ட கரை இன்றைக்கு ஆழத்தில் இருக்கும். அதற்கு மேல் செம்மண் கலங்கல் வேறு. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்ததும், “ஏந்தம்பி, இந்தக் கலங்கல்ல வந்து தூண்டியப் போட்டா என்ன கடிக்கும்? தை பொறந்து வாங்க” என்று சிரித்தார். காசு வாங்காமல் அன்றைக்கு எங்களுக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

அவர் சொன்னது சரிதான். வடகிழக்கு மழை ஓய்ந்து, தண்ணீர் தெளிந்து, மட்டம் நிதானமாக இறங்கும் தை முதல் சித்திரை வரைதான் கரையிலிருந்து கட்லா, ரோகுவுக்கு நல்ல காலம் என்பது என் அனுபவமும். ஆடியில் போனால் கரையோரம் ஜிலேபி மீன் மாட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் புழுவுக்குக் கெளுத்தி. அதைச் சொல்லி விற்றிருந்தால் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொரு கூத்து. விளம்பரத்தில் ‘பண்ணவாடி நந்தி சிலை அருகே போட்டோ’ என்றும் போட்டிருந்தார்கள். மேட்டூர்ப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும், நீர்மட்டம் நன்றாக இறங்கினால்தான் அந்த நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி. அதை நோக்கித் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது நந்தியை எங்கே போய்ப் பார்ப்பது? கோடையில் எடுத்த படத்தை வைத்து ஆடியில் வியாபாரம். மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து இரண்டும் தினமும் தமிழ்ச் செய்தித்தாள்களில் வருகிறது. யாராவது பேக்கேஜ் விற்றால் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

இறங்கியதும் ‘பெர்மிட்’ கேட்டோம். ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் சாதாரண ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். ‘அனுமதி’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். துறையின் பெயர் இல்லை, வரிசை எண் இல்லை, தேதியைக்கூட நாங்கள் கேட்ட பிறகுதான் பேனாவால் எழுதினார். “எல்லாம் நம்ம ஆளுங்கதான் சார்” என்றார். நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை அரசுடையது. மேட்டூரில் மீன்வளத் துறையிடம் உரிமம் வாங்கிய மீனவர்கள்தான் பரிசலில் வலை விடுகிறார்கள். பவானிசாகர், ஆழியாறு, அமராவதி போன்ற அணைகளில் அரசின் மீன்வளர்ச்சிக் கழகத்துக்குப் பங்கு உண்டு. ஊர்க் குளம், ஏரி என்றால் மீன் பாசிக் குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது நீர்நிலைக்கு நீர்நிலை மாறும், இடையில் நிற்கும் பேக்கேஜ்காரர் ரப்பர் ஸ்டாம்பால் அதைத் தர முடியாது. யாராவது வந்து கேட்டிருந்தால் மாட்டியிருப்பது நாங்கள்தான்.

அப்புறம் பரிசல். லைஃப் ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. “இங்க யாரும் போடறதில்ல சார்” என்றார். வெள்ளம் வரும் நேரத்தில் நாலு பேரை அந்தப் பரிசலில் ஏற்றப் பார்த்தார்கள். நாங்கள் ஏறவில்லை, கரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். இதற்காக ஆளுக்கு ஐநூறு குறைக்கச் சொன்னதற்கு, பரிசல் இலவசச் சேவை, கணக்கில் வராது என்று பதில் வந்தது.

ராடு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் கூடுதலாகப் பணம் போயிற்று. ஒரு ராடுக்கு 2,000 ரூபாய் டெபாசிட், திரும்பும்போது தருவார்களாம். ‘முழு கார்பன், 13 பேரிங் ரீல், 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்)’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். கையில் வாங்கியதுமே ராடு கனத்தது. உள்ளிழுக்கும் ராடின் நுனித் துண்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், நுனி வளையத்துக்கு ஒரு விரற்கடை கீழே மெல்லிய வளையம் போல் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது. அங்கே உடைந்த துண்டை ஒட்டி, மேலே கறுப்பு பெயின்ட் அடித்திருந்தார்கள். நகத்தால் சுரண்டியதும் பெயின்ட் உரிந்து உள்ளே வெள்ளையாகக் கண்ணாடி இழை தெரிந்தது. கார்பனாக இருந்தால் உள்ளேயும் கறுப்பாகத்தான் இருக்கும். இதை அவருக்கே காட்டிவிட்டுத்தான் வேறு ராடு கேட்டேன். இல்லை என்றார். சாயங்காலம் அதே ராடைக் கையில் வாங்கி, அதே இடத்தைத் தடவிப் பார்த்து, “டிப்பு உடைச்சிட்டீங்களே சார்” என்றார்! டெபாசிட் திரும்பி வரவில்லை. மச்சான் எடுத்த ராடுக்கும் இதே கதை.

நூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்பூலில் மேலே பச்சையாக நல்ல பிரெய்டு நூல். ஒரு முறை தூரமாக வீசியதும் முடிச்சு ஒன்று வளையத்தில் தட்டியது. மேலே முப்பது நாற்பது மீட்டர்தான் பிரெய்டு, அடியில் முழுக்கப் பழைய தங்கூசி (நைலான்) நரம்பு, சுருண்டு நிறம் வெளுத்தது. அடியில் நரம்பு சுற்றி மேலே பிரெய்டு போடுவது எல்லாரும் செய்வதுதான், அதில் தப்பில்லை. ஆனால் பத்துக் கிலோ கட்லா கியாரண்டி என்று சொல்லிவிட்டு அந்த மீன் ஒரு ஓட்டம் ஓடினாலே அறுந்துபோகிற நரம்பை அடியில் வைப்பதற்கு என்ன பெயர்? வாடகை ராடு எடுப்பவர்கள் நூலைக் கொஞ்சம் உருவிப் பாருங்கள். லக்கேஜ் தூக்கிப் பார்க்கும் தராசு இருந்தால் நூல் நுனியை அதில் கட்டி இழுத்தால் எத்தனை கிலோவுக்கு அறுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இனி அந்த ‘கியாரண்டி’ கட்லா. மதியத்துக்கு மேல் ஒருவர் ஈரச் சாக்கோடு வந்தார். உள்ளே ஆறு கிலோ இருக்கும், ஒரு கட்லா. “நீங்க சாப்பிடப் போனப்ப உங்க ராடுலதான் சார் மாட்டுச்சு, நாங்க இழுத்து வச்சிட்டோம்” என்றார்கள். நான் மீனைத் தரையில் வைத்துப் பார்த்தேன். வாயில் முள் ஏறிய ஓட்டை எங்கும் இல்லை, உதடு முழுசாக இருந்தது. செவுள் மூடிக்குப் பின்னால் உடம்பைச் சுற்றி ஒரு கோடு, அந்தக் கோட்டில் செதில் உதிர்ந்து சிவந்திருந்தது. செவுள் வலையில் தலை நுழைந்து சிக்கிய மீனுக்குத்தான் அப்படிக் கோடு விழும். கண் உள்வாங்கிப் புகை படிந்திருந்தது. செவுளைத் தூக்கினால் சிவப்பு போய்ப் பழுப்பு. காலையில் வலையில் எடுத்த மீனை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? போட்டோவுக்காக அதன் வாயில் பளபளப்பான ஸ்பூன் லூர் (கரண்டி போன்ற தகட்டுப் போலி இரை) ஒன்றை மாட்டினார்கள். தூண்டில் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். கட்லா தண்ணீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிரிகளை வடிகட்டித் தின்கிற மீன். புண்ணாக்கும் மாவும் கலந்த இரைக்கு வரும். விராலைப் போல ஓடுகிற தகட்டைத் துரத்திக் கவ்வுகிற மீன் இல்லை. எப்போதாவது உடம்பில் லூர் குத்தி இழுபட்டு வரலாம், ஆனால் பக்கம் பக்கமாக எல்லாப் படத்திலும் கட்லா வாயில் ஸ்பூன் தொங்கினால் அது வைத்து எடுத்த படம்தான். படம் எடுத்து முடித்ததும், மீன் வேண்டுமென்றால் கிலோ 250 ரூபாய் என்றார்கள்!

பொழுது சாயும் நேரத்தில் அடுத்த வலை. “கட்லா என்ன சார், பெரிய ஆத்து மீன் மாசீர் பிடிக்கணும்னா ராத்திரி மேல காட்டுப் பக்கம் போலாம், தலைக்கு இன்னொரு மூவாயிரம்.” இதற்கு மட்டும் தயவுசெய்து யாரும் தலையாட்டிவிடாதீர்கள். பணம் போனது போகட்டும், இதில் ஆளே மாட்டுவீர்கள். ஒகேனக்கலுக்கு மேலே காவிரியின் இரு கரையிலும் நெடுகக் காடு. தமிழ்நாட்டுப் பக்கம் 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இரண்டு வனவிலங்குச் சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. எதிர்க்கரையில் கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயம். அனுமதியில்லாமல் உள்ளே போவதே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரு காலத்தில் கர்நாடகப் பக்கத்துப் பீமேஸ்வரி, கலிபோரே முகாம்களில் வெள்ளைக்காரர்கள் வந்து மாசீர் பிடித்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விட்ட கதையெல்லாம் உண்மைதான், அதுவும் நிறுத்தப்பட்டு ஆண்டுகள் ஆகின்றன. காவிரிக்கே உரிய திமில் மாசீர் இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் மீன். ராத்திரியில் யானையும் முதலையும் வேறு. 2023 பிப்ரவரியில் அடிப்பாலாறு பக்கம் கர்நாடக வனத்துறையினர் சுட்டதில் மேட்டூர்ப் பக்கத்துக் கோவிந்தபாடியைச் சேர்ந்த ஒருவர் இறந்துபோனார். வேட்டைக்கு வந்தவர் என்று அவர்கள் சொன்னார்கள், மீன் பிடிக்கப் போனவர் என்று ஊரார் சொன்னார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே அந்தக் கதி என்றால், ரப்பர் ஸ்டாம்ப் தாளை வைத்துக்கொண்டு இருட்டில் போகிற நம் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். நாங்கள் முடியாது என்றதும்தான் டெபாசிட் சண்டையே ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டோம். இரண்டு முறை ‘பாக்கிறேன் சார்’, அதற்குப் பிறகு எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். சைபர் குற்றத்துக்கான 1930-க்கு அழைத்தோம். கூட்டிப்போய் விட்டு வந்திருப்பதால் இது சேவைக் குறைபாடு, நுகர்வோர் பக்கம் போங்கள் என்றார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆளே வராமல் போனவர்களுக்கு 1930 உடனே உதவும், பணம் அனுப்பிய சில மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலும் போகலாம். யுபிஐ ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அந்த ‘பெர்மிட்’ தாள், ராடு நுனியைக் காலையில் எடுத்த போட்டோ எல்லாவற்றையும் இணைத்திருக்கிறோம். ராடு வாங்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்துவைத்தது இப்போது கைகொடுக்கிறது.

மேட்டூருக்குப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போகிறவர்கள் மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு, கரையோர மீனவர் யாரிடமாவது பேசுங்கள். எந்தக் கரை, என்ன இரை, எப்போது வரலாம் என்று அவர்கள் சொல்வதற்குக் கொடுக்கிற காசு வீண் போகாது. சொந்த ராடு இல்லையென்றால் ஒரு மூங்கில் கம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள், மண்புழு போதும், ஜிலேபிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

கடைசியாக ஒன்று. போன வாரம் அதே பேக்கேஜ் வேறு பெயரில் வந்திருக்கிறது. இந்த முறை விலை 5,500. விளம்பரப் படத்தில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வாயில் ஸ்பூன் தொங்கும் கட்லாவைத் தூக்கிப் பிடித்திருப்பவர் என் மச்சான். அவரைக் கேட்காமல்தான் போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பியவர்கள் ரசீதோடு எனக்குச் சொல்லுங்கள், மனுவில் சேர்த்துக்கொள்கிறோம்.