நாமக்கல்லில் பழைய வண்டி ஏசிக்கு நம்பிப் போகலாம்

பழைய பிக்கப்பில் ஏசி குளிரவில்லை என்று சொன்னால், பானெட்டைத் திறக்கும் முன்பே "கேஸ் போடணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். அப்படிச் சொல்லாத பட்டறை ஒன்று நாமக்கல்லில் சேலம் ரோட்டில் இருக்கிறது. கடைக்குப் பெயர் கிடையாது. தகர ஷெட், 'வண்டி ஏசி வேலை' என்று கையால் எழுதிய பலகை, அவ்வளவுதான்.

என்னுடையது 2012 பொலிரோ கேம்பர். கோழிப்பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றுகிறேன். பைபாஸில் ஓடும்போது ஏசி ஓரளவு குளிரும். மில் வாசலில் லோடுக்கு நின்றால் வெறும் காற்றுதான் வரும். வேறொரு கடையில் கேஸ் போட்டார்கள். அதற்கப்புறம் நிற்கும்போது இன்னும் மோசமாகிவிட்டது.

இந்தப் பட்டறை அண்ணன் முதலில் கேட்டதே, "ஓடுறப்ப குளிருதா, நிக்கிறப்பவும் குளிருதா?" என்றுதான். சொன்னதும் கேஸ் அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டினார். லோ சைடு (அழுத்தம் குறைவான பக்கம்) 60 பி.எஸ்.ஐ.க்கு மேல், ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) 330. நல்ல வெயிலில் ஆர்134ஏ கேஸ் வண்டிக்கு லோ 35–45, ஹை 200–250 வாக்கில் இருந்தால் போதும். இரண்டும் குறைவாக இருந்தால் கேஸ் கசிகிறது. லோ ஏறி ஹை இறங்கியிருந்தால் கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் தேய்ந்திருக்கலாம். இரண்டுமே ஏறியிருந்தால் கேஸ் அதிகம், இல்லையென்றால் வெப்பத்தை வெளியே விடும் கன்டென்சருக்குக் காற்று போகவில்லை என்று முள்ளைக் காட்டியே விளக்கினார்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு வாளித் தண்ணீரை எடுத்து கன்டென்சர் மேல் மெதுவாக ஊற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹை சைடு முள் மளமளவென இறங்கியது, உள்ளே குளிர் வந்தது. கம்ப்ரஸரில் கோளாறு இல்லை, வெப்பம் வெளியேறத்தான் வழியில்லை என்பது எனக்கே புரிந்துவிட்டது. ரேடியேட்டரைத் தளர்த்திப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே தீவனத் தூசியும் மண்ணும் சேர்ந்து அடை அடையாக ஒட்டியிருந்தது. முன்னால் நின்று பார்த்தால் அது தெரியவே தெரியாது.

ஹீட்டர் சூடு ஏசிக் காற்றில் கலக்கிறதா என்று அறிய, ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாயையும் கிளிப் போட்டு அடைத்துப் பார்த்தார். குளிரில் மாற்றம் இல்லை என்றதும் அதைத் தொடவில்லை. தேவையில்லாத வேலையை இழுத்துவிடாத மெக்கானிக் கிடைப்பது பெரிய விஷயம்.

ப்ளோயர் காற்றும் மந்தமாக இருந்ததால், உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலைக் கழற்றினார். அதிலும் தூசி அப்பியிருந்தது. பழைய கேஸை மெஷினில் இழுத்துப் பிடித்தார், காற்றில் திறந்துவிடவில்லை. இந்தக் கேஸ் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மோசமானது. அதனால் இதை முக்கியமாகச் சொல்கிறேன். சிஸ்டத்தைத் திறந்தாச்சு என்பதால் ஈரத்தை உறிஞ்சும் டிரையர், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் ஓ ரிங் எல்லாம் புதுசு. உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க அரை மணி நேரம் வாக்குவம் போட்டு, முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கேஸ். அதுவும் தராசில் எடை பார்த்துத்தான். எவ்வளவு கேஸ் போட வேண்டும் என்று காட்டும் ஸ்டிக்கர் என் வண்டியில் கிழிந்துபோயிருந்தது. மாடல் வாரியாக அவர் எழுதி வைத்திருக்கும் நோட்டிலிருந்து அளவை எடுத்தார்.

நின்ற வண்டியில் காற்று வரும் வாயில் தெர்மாமீட்டர் வைத்தபோது முன்பு 19 டிகிரி காட்டியது, வேலை முடிந்ததும் 9. மொத்தம் 3,800 ரூபாய் ஆனது. கம்ப்ரஸர் மாற்றச் சொல்லியிருந்தால் இதைப்போல் பல மடங்கு போயிருக்கும்.

குறையும் உண்டு. உட்கார நிழல் இல்லை. ஒரே ஆள் வேலை பார்ப்பதால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். மாற்றிய சாமானுக்கு பில் வேண்டுமென்றால் நாமே கேட்டு வாங்க வேண்டும். 2025-இல் புது லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் ஆகிவிட்டது. அந்த வண்டிகளும் இங்கே வர ஆரம்பித்தால் கூட்டம் இன்னும் கூடும். அண்ணன் ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டால் நல்லது.

காலையிலேயே வண்டியை விட்டுவிடுங்கள், மத்தியான வெயிலில் சோதித்த பிறகுதான் சாவி தருவார். தீவனம், பஞ்சு, மரத்தூள் ஏற்றுகிற வண்டியாக இருந்தால், போவதற்கு முன் கன்டென்சரைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். சில வண்டிகளுக்கு அதுவே போதும். பிரஷர் வாஷரைக் கிட்டே வைத்து அடிக்காதீர்கள், அலுமினியத் தகடுகள் மடங்கி இருக்கிற காற்றும் அடைபட்டுவிடும்.