நூலகம் இணையத்தளம்: யோசித்து வாசிப்பவருக்கு எப்படி?

2005இல் தொடங்கிய இந்தத் தளத்தில் ஈழத்து நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள் எல்லாம் இலவசம். கொழும்பு வெள்ளவத்தைக் கடைகளில் தேடியும் அகப்படாத பழைய 'மல்லிகை' இலக்கிய இதழ்களும் இருக்கின்றன. ஏஎல் (உயர்தரப் பரீட்சை) தமிழ் எடுக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம்.

எமக்குப் பிடித்தது 'உள்ளடக்கம்' பகுதி. இதழின் பக்கத்திலேயே கட்டுரைத் தலைப்புகளும் எழுதியவர் பெயர்களும் இருக்கும். கோப்பைத் திறக்குமுன் தலைப்பை மட்டும் வைத்து, கட்டுரையாளர் என்ன வாதிடுவார் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு வாசித்தால் ஊகம் எங்கே பிழைத்தது என்று மனம் தேடும்; கண் சும்மா ஓடாது. 1960களின் மரபுப் போராட்டத்தை எடுங்கள்: பேச்சுத்தமிழில் கதை எழுதலாமா என்ற சண்டை. இரு தரப்புக் கட்டுரைகளையும் வாசித்து, யார் என்ன சொன்னார், ஆதாரம் என்ன, எதிராளியின் எந்தக் கேள்வியைத் தொடாமல் விட்டார் என்று மூன்று நிரலில் குறித்தால், பாடநூல் சுருக்கத்தில் கிடைக்காத பயிற்சி அது.

இனி குறைகள். பெரும்பாலான கோப்புகள் பக்கங்களின் படங்கள், ஆகவே உள்ளே சொல் தேட முடியாது. 'எழுத்துணரியாக்கம்' (படத்திலுள்ள எழுத்தைக் கணினியே வாசித்து உரையாக்கியது) உள்ளவற்றில் கணினி எழுத்தைப் பிழையாக வாசித்திருக்கலாம். மேற்கோள் எடுக்குமுன் மூலப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பெயரை ஒரு எழுத்து மாற்றி அடித்தாலும் தேடல் கைவிரிக்கும்: குமாரசாமியா, குமாரசுவாமியா? 'குமார' அளவில் நிறுத்தி, வரும் பட்டியலைப் பாருங்கள். கனமான கோப்புகளை வைஃபையில் இறக்காவிட்டால் டேட்டா கரைந்துவிடும்.

பத்திரிகைப் பக்கத்தை போனில் பெரிதாக்கி வாசிப்பது வீண் வேலை. பத்தி மாறும்போதே வாதத்தின் நூல் அறுந்துவிடும். வேண்டிய நாலைந்து பக்கத்தை மட்டும் போட்டோக் கொப்பிக் கடையில் அச்செடுத்து, பென்சிலோடு உட்காருங்கள்.

வாசித்ததும் தாளைக் கவிழ்த்துவிட்டு நினைவில் உள்ளதை எழுதுங்கள். 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து நிமிடத்தின்பின் வைத்த சோதனையில் திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நூறு கோப்பை இறக்கிச் சேர்த்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டுரைக்கும் இதழுக்கும் தாராளமாக நம்பிப் போகலாம். நாவலென்றால் வெள்ளவத்தைத் தமிழ்ச் சங்க நூலகத்தில் அச்சுப் பிரதியைத் தேடுவதே மேல்.