துருவை மறைக்காத பூங்கா

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகர மைய ரயில் நிலையத்திலிருந்து 903 எண் டிராமில் வந்து இறங்குபவருக்கு, எதிரே தெரியும் லாண்ட்ஷாஃப்ட்ஸ்பார்க் டூயிஸ்பர்க்-நோர்ட் என்ற இடத்தைப் பூங்கா என்று அழைக்க முதலில் மனம் வராது. தாதுவை உருக்கி இரும்பெடுக்கும் ஊதுலைகள் துருப்பிடித்து நிற்க, அவற்றோடு புகைபோக்கிகளும் தலைக்கு மேல் ஓடும் பெருங்குழாய்களும்தான் கண்ணில் படுகின்றன. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று உடன் வந்த நண்பர் கேட்டார். இருட்டிய பிறகும் கிளம்ப மனமில்லாமல் நின்றவரும் அவரே.

1901 இல் தைசன் குழுமம் மைடெரிக் பகுதியில் தொடங்கிய இந்த இரும்பு ஆலை, ஐரோப்பாவில் எஃகு தேவைக்கு மேல் உற்பத்தியானதன் விளைவாக 1985 இல் மூடப்பட்டது. பூங்காவை வடிவமைத்த நிலவடிவமைப்பாளர் பீட்டர் லாட்ஸ், ஆலையை இடித்துவிட்டுப் புல்வெளி விரிக்காமல், இருந்ததை இருந்தபடியே வைத்து அதற்குப் புதுப் பயன் தேடினார். 1994 இல் திறக்கப்பட்ட பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது.

அந்தப் புதுப் பயன்களைப் பார்க்கும்போதுதான் இடத்தின் மீதான நம் எண்ணம் மாறத் தொடங்குகிறது. தாதுவைக் கொட்டி வைத்த கான்கிரீட் தொட்டிகளின் சுவர்களில் மலையேற்றம் பழகுபவர்கள் கயிறு கட்டி ஏறுகிறார்கள். சில தொட்டிகளுக்குள் சிறு தோட்டங்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 45 மீட்டர் விட்டமுள்ள எரிவாயுக் கொள்கலனில் 13 மீட்டர் ஆழத்துக்கு நீர் நிரப்பி, முக்குளிப்போருக்கான பயிற்சிக் குளமாக்கியிருக்கிறார்கள். ஆனால் என்னை நீண்ட நேரம் நிறுத்தி வைத்தது இவை எதுவும் அல்ல. உருகிய இரும்பை வார்த்த களத்தில் கிடந்த 49 இரும்புத் தகடுகளைப் பெயர்த்து வந்து, உலைகளுக்கு நடுவே சதுரமாகப் பரப்பி ஒரு முற்றம் அமைத்திருக்கிறார்கள். குழந்தைகள் அதன்மேல் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். அவர்களுக்கு அது வெறும் தரை. அதே தகடுகளின் அருகே வெக்கையில் நின்று வேலை பார்த்த ஒருவர் இன்று இங்கே வந்தால், அந்த முற்றத்தில் உட்கார்ந்து இளைப்பாற அவருக்கு மனம் வருமா என்று எனக்குத் தோன்றியது.

ஐந்தாம் எண் ஊதுலையின் மேல்தளம் வரை ஏறிப் பார்க்கலாம். படிகள் இரும்புக் கம்பி வலையால் ஆனவை, அவற்றின் ஊடே கீழே உள்ளதெல்லாம் தெரியும். உயரம் என்றால் தலைசுற்றுபவர்கள் பாதியிலேயே திரும்பிவிடுவது நல்லது. சுமார் 70 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், இருப்புப்பாதைகளின் இடையே பிர்ச் மரங்கள் தாமாக முளைத்து அடர்ந்திருப்பது தெரிகிறது. இங்குள்ள செடிகளில் சில, வெளிநாட்டுத் தாதுவோடு விதையாக வந்தவையாம். கழிவுநீர்ச் சாக்கடையாக ஓடிய பழைய எம்ஷெர் ஆற்றின் கழிவைத் தரைக்கடியிலுள்ள குழாயில் திருப்பிவிட்டு, மேலே மழைநீர் ஓடும் கால்வாயை அமைத்துள்ளனர். நண்பரின் முகம் மாறியது இந்தக் கால்வாயின் ஓரத்தில்தான்.

பெரும்பாலானோர் புகழ்வது இரவு விளக்குகளை. ஜோனதன் பார்க் என்ற ஒளி வடிவமைப்பாளர் 1996 இல் அமைத்த அந்த ஒளியில் உலைகள் நீலமும் பச்சையும் சிவப்புமாக மின்னுகின்றன. எல்லோர் கையிலும் கைப்பேசி உயர்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் அந்த வண்ணத்தில் ஆலை ஒரு நாடக மேடையாகிவிடுகிறது. பகலில் துருவும் ஒட்டுப்போட்ட குழாய்களும் சொன்ன உழைப்பின் கதை பின்னுக்குப் போய்விடுகிறது. என் ஓட்டு பகலுக்கே.

செல்ல விரும்புபவர்கள் பிற்பகலிலேயே போய், வெளிச்சம் இருக்கும்போதே உலையில் ஏறி இறங்கிவிட்டு, விளக்குகளைக் கடைசியாகப் பார்க்கலாம். நல்ல பிடிமானமுள்ள காலணி அவசியம். நண்பர் செருப்போடு வந்திருந்தார். மேல்தளத்துப் படங்களை என் கைப்பேசியில்தான் பார்த்தார்.