மெஷினா, வயித்துல பையா? ரெண்டு டயாலிசிஸும் தண்ணிய எடுக்கற விதம்

அப்பாவுக்கு கிட்னி வேலை செய்யாம போனப்போ டாக்டர் ரெண்டு வழி சொன்னாரு, ஒண்ணு மெஷின்ல போடுற ஹீமோ டயாலிசிஸ், இன்னொண்ணு வீட்லயே வயித்துல பை மாத்துற சிஏபிடி. எவ்ளோ செலவாகும்னுதான் நான் மொதல்ல கேட்டேன், ஆனா ஒடம்புல தேங்குன தண்ணி எப்படி வெளிய வருதுன்னுதான் கேட்டிருக்கணும்.

ரத்தத்துல சேர்ற கழிவான யூரியா ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் போகுது, அடர்த்தி ஜாஸ்தியான ரத்தத்துலேர்ந்து சவ்வு வழியா அந்தப்பக்கம் இருக்கற திரவத்துக்கு. தண்ணியிலதான் வித்தியாசமே. மெஷின்ல சவ்வு செயற்கை, தலைமுடி மாதிரி மெல்லிசா ஆயிரக்கணக்குல குழாய் (1943ல நெதர்லாந்துல கோல்ஃப்ங்கற டாக்டர் தன்னோட டயாலிசிஸ் மெஷினுக்கு சவ்வா சாசேஜ் சுத்துற செல்லஃபேனத்தான் வச்சாரு), அதுல அழுத்தம் குடுத்து தண்ணிய உறிஞ்சுவாங்க. வாரத்துக்கு 3 தடவ, ஒவ்வொண்ணும் 4 மணி நேரம், ரெண்டு நாளா சேந்தது மொத்தமும் அதுக்குள்ள போகணும், ஆனா திசுவுல இருக்கற தண்ணி அவ்ளோ வேகமா ரத்தத்துக்கு வந்து சேராது, அதான் பிபி எறங்குது, கெண்டக்கால் இழுக்குது. வலி தாங்காம கத்துனவங்கள பக்கத்து பெட்ல பாத்துருக்கேன், மறக்க முடியல.

பையில அழுத்தமே கெடையாது. குடல சுத்தி இருக்கற பெரிட்டோனியம்தான் சவ்வு, பையில இருக்கற 2 லிட்டர் திரவத்த குழாய் வழியா வயித்துக்குள்ள விட்டா அதுல இருக்கற குளுக்கோஸ் தண்ணிய இழுக்கும், உப்பு போட்ட மாங்கா தண்ணி விடுமே, அதே சவ்வூடு பரவல்தான். 1.5, 2.5, 4.25 சதவீதம்னு பை வரும், சர்க்கர ஏற ஏற இழுவையும் ஏறும். ஆனா அந்த குளுக்கோஸே மெதுவா ரத்தத்துக்குள்ள போயிடும், அதனால நேரம் போகப்போக இழுவ கொறையும், ரொம்ப நேரம் விட்டா எடுத்த தண்ணியே திரும்ப உள்ள போகும். ஒரு நாளைக்கு 4 தடவ மாத்தறது அதுக்குத்தான். சுகர் இருக்கறவங்களுக்கு இது பெரிய தலவலி, ராத்திரி நீண்ட நேரம் வைக்க, குளுக்கோஸுக்கு பதிலா ரத்தத்துக்குள்ள ரொம்ப மெதுவா போற ஐகோடெக்ஸ்ட்ரின்னு ஒரு பொருள் போட்ட பை இருக்கு, டாக்டர்கிட்ட அவசியம் கேளுங்க.

அப்பாவுக்கு சுகர் இல்ல, ஒண்ணுக்கும் கொஞ்சம் போயிட்டிருந்துச்சு, அத காப்பாத்திக்க பைதான் நல்லதுன்னாங்க, அதையே எடுத்தோம். என் மனசுக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. தமிழ்நாட்டுல மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பைய வீட்டுக்கே கொண்டுவந்து தர்றாங்க. ஆனா கை கழுவாம பைய தொடவே கூடாது, வெளிய வர்ற திரவம் கலங்கலா இருந்தா அன்னிக்கே அந்தப் பையோட ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.