வினாத்தாளா, குறிப்பேடா? ஏடிஹெச்டியையும் பதற்றத்தையும் அன்றாடத்தில் பிரித்தறிதல்

கவனம் ஓரிடத்தில் நில்லாமல் அலைவதும், செய்ய வேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பதும், இரவில் தூக்கம் பிடிக்காமல் புரள்வதும் ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாட்டிலும் உண்டு. பதற்றக் கோளாறிலும் உண்டு. தனக்கு இருப்பது எது என்று ஐயம் எழுந்த ஒருவருக்கு, மனநல மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் கைக்கெட்டும் வழிகள் இரண்டு. ஒன்று, இணையத்தில் கிடைக்கும் சுயமதிப்பீட்டு வினாத்தாள்களை நிரப்பிப் பார்ப்பது. மற்றொன்று, அன்றாடம் நடப்பதைச் சில வாரங்களுக்குக் குறிப்பேட்டில் எழுதிவருவது. இரண்டையும் செய்து பார்த்தபின் நான் குறிப்பேட்டின் பக்கம் சாய்ந்துவிட்டேன். இன்ன கோளாறுதான் என்று உறுதிசெய்வது மருத்துவரின் வேலை என்பதைத் தனியே விளக்கத் தேவையில்லை.

வினாத்தாள்களைக் குறைத்து மதிப்பிட முடியாது. சமூக ஊடகங்களில் உலவும் ‘இந்தப் பத்து அறிகுறிகள் உங்களுக்கு இருக்கிறதா’ வகையை நான் இங்கே கணக்கில் எடுக்கவில்லை. வயதுவந்தோரின் ஏடிஹெச்டிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் ஏஎஸ்ஆர்எஸ் வினாத்தாளில் 18 கேள்விகள் உள்ளன. அவற்றுள் முதல் ஆறும் பூர்வாங்கப் பரிசோதனைக்கானவை, கேட்கப்படுவது கடந்த ஆறு மாத நிலவரம். 2006-இல் வெளியான ஜிஏடி-7 பதற்றத்துக்கானது. கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஏழு கேள்விகள், 0 முதல் 21 வரை மதிப்பெண், 10-ஐ எட்டினால் மேற்கொண்டு பரிசோதனை நல்லது என்பது வழக்கமான அளவுகோல். இரண்டும் இலவசம், சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

ஆனால் இரண்டையும் அடுத்தடுத்து நிரப்புகிறவர் ஐந்தாம் கேள்வியில் சற்று நின்றுவிடுவார். நெடுநேரம் உட்கார நேர்கையில் கைகால்களை அசைத்துக்கொண்டே இருப்பது எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்று ஏஎஸ்ஆர்எஸ் கேட்கிறது. அடங்கி உட்கார முடியாத அளவுக்கு நிலைகொள்ளாமல் இருந்தீர்களா என்று ஜிஏடி-7 கேட்கிறது. ஆடுவது அதே கால்தான், மதிப்பெண் மட்டும் இரண்டு தாளிலும் ஏறுகிறது. எனக்கு இரண்டிலுமே எண்ணிக்கை கூடுதலாக வந்தது. அதைக் கொண்டு ஏதும் முடிவுசெய்ய இயலவில்லை. எவ்வளவு அடிக்கடி என்பதைத்தான் வினாத்தாள் அறியும். எதற்குப் பின் எது வந்தது என்பதை அது கேட்பதே இல்லை.

என் பார்வையில் இந்த முன்பின் வரிசைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதைப் பிடிக்கக் குறிப்பேட்டை விட்டால் வேறு எளிய வழி இல்லை. நான் எழுதியது மிகச் சுருக்கமாகத்தான்: என்ன செய்துகொண்டிருந்தேன், கவனம் எங்கே போனது, அந்நேரம் உடம்பில் என்ன தெரிந்தது, பிறகு என்ன ஆயிற்று. ஒரு விண்ணப்பப் படிவம் பாதியில் நின்றுபோனதை எடுத்துக்கொள்வோம். ‘படிவத்தைத் திறந்தேன், தப்பாக நிரப்பி நிராகரித்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது, வயிற்றைப் பிசைந்தது, மூடிவிட்டேன்’ என்பது ஒரு வகைக் குறிப்பு. ‘படிவத்தைத் திறந்தேன், ஒரு தேதியைச் சரிபார்க்கப் பழைய கோப்பைத் தேடப் போனேன், கோப்புகளை அடுக்க ஆரம்பித்தேன், படிவம் இருப்பதே இரவுதான் நினைவுக்கு வந்தது, அப்போதுதான் நெஞ்சு படபடத்தது’ என்பது இன்னொரு வகை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் நிரப்பப்படாத படிவம்தான். முன்னதில் அச்சம் முதலில் வந்து கவனத்தைக் கலைத்தது. பின்னதில் கவனம் முதலில் நழுவியது, அச்சம் அதன் விளைவாக வந்தது.

பூட்டிய கதவுக்குத் திரும்பி வருவதிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். பூட்டியது நன்றாக நினைவிருந்தும் ‘ஒருவேளை சரியாக விழாமல் இருந்தால்’ என்று திரும்புகிறவரும், பூட்டினோமா இல்லையா என்பதே மனத்தில் பதியாததால் திரும்புகிறவரும் ஒரே வாசற்படியில்தான் நிற்கிறார்கள். தள்ளிப்போடுவதிலும் அப்படியே: அஞ்சத்தக்க வேலைகள் மட்டும் தேங்கினால் ஒரு பொருள், எந்த அச்சமும் இல்லாத, வெறுமனே சலிப்பூட்டும் வேலைகளும் சேர்ந்தே தேங்கினால் வேறொரு பொருள். பிடித்தமான ஒன்றில் மணிக்கணக்கில் மூழ்கிச் சாப்பாட்டையே மறப்பது ஏடிஹெச்டியில் அதிகம் சொல்லப்படுவது. பதற்றமோ பிடித்தமான வேலைக்குள்ளும் புகுந்துவிடும் என்பது என் கவனிப்பு, எல்லோருக்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இந்த வரிசை ஒரு நாளுக்குள் மட்டும் அடங்குவதன்று, வாழ்நாள் அளவிலும் நீள்வது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின்படி, ஏடிஹெச்டி என்று சொல்லப் பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும், அதுவும் வீடு, பள்ளி, வேலையிடம் போன்ற சூழல்களில் இரண்டிலாவது. பதற்றத்துக்கு அப்படியொரு வயது வரம்பு கிடையாது. எந்தப் பருவத்திலும் தொடங்கலாம். ஆகவே குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களை நான் இளமைக்கென ஒதுக்கினேன்: பழைய மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர் எழுதிய வரிகள், தொலைத்த பொருள்களைப் பற்றி வீட்டில் இன்றும் பேசப்படும் கதைகள், மூத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை. கடந்த ஆறு மாதங்களையோ இரண்டு வாரங்களையோ மட்டும் விசாரிக்கும் தாளுக்கு இவை எட்டாதவை.

ஏடிஹெச்டியும் பதற்றமும் சேர்ந்தே இருப்பது அரிதும் அல்ல. ஏடிஹெச்டி உள்ள வயதுவந்தோரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு பதற்றக் கோளாறும் இருந்ததாக அமெரிக்கத் தேசிய ஆய்வொன்று காட்டியது. ஆண்டுக்கணக்கில் தவறவிட்டும் திட்டுவாங்கியும் வந்தவர், இனி எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயத்திலேயே ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நிற்பார், மூன்று இடங்களில் பட்டியல் எழுதுவார். ஒழுங்கானவர் என்ற பெயரும் எடுத்துவிடுவார். அந்த ஒழுங்கு அச்சத்தால் ஓடுகிறது என்பதைக் காட்டியது, என்னைப் பொறுத்தவரை, குறிப்பேடுதான்.

குறிப்பேட்டுக்கும் குறைகள் உண்டு. கவனம் நழுவுகிறவரிடமே தினமும் எழுதச் சொல்வது வேடிக்கையான ஏற்பாடு. விடுபட்ட நாள்களும் ஒருவகைக் குறிப்புதான் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன், எழுத முடியாதபோது கைபேசியில் ஒரு வரியைப் பேசிப் பதிவுசெய்துகொண்டேன். பதற்றம் மிகுந்தவருக்கோ அது தன்னைத் தானே உளவு பார்க்கும் பழக்கமாக மாறிவிடக்கூடும். எழுத எழுதக் கவலை கூடினால் நிறுத்திவிடுவதே நல்லது. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் தலைகாட்டினால் குறிப்பேடும் வேண்டாம், தாளும் வேண்டாம், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பும், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதும், இரும்புச்சத்துக் குறைவும்கூட இதே வேடத்தில் வரும் என்பதால் உறங்கிய நேரத்தையும் குடித்த காப்பியையும் ஓரத்தில் குறித்துவைத்தேன். மற்றவை பரிசோதனையில்தான் தெரியும். குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. அங்கே பெற்றோரும் ஆசிரியரும் கவனித்துச் சொல்வதே முதன்மையாகக் கொள்ளப்படுகிறது.

மருத்துவரைப் பார்க்கப் போகையில் நிரப்பிய தாள்களையும் எடுத்துச்செல்லலாம், அவர்களுக்கு அது பழகிய மொழி. சிகிச்சை தொடங்கியபின் முன்னேற்றத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும் ஜிஏடி-7 போன்ற எண் மதிப்பீடு கைகொடுக்கும். அந்த வேலைக்கு என் கிறுக்கல்கள் உதவாது.