மலிவு ட்ரெக்கிங் குச்சி எந்த இடத்தில் கைவிடுகிறது

வெள்ளியங்கிரிக்கு வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் போகிறவருக்கு ட்ரெக்கிங் குச்சி தேவையே இல்லை. அடிவாரத்தில் கிடைக்கும் மூங்கில் கழி போதும். மாதம் ஒரு மலை என்று ஏறுகிறவர்களுக்குத்தான் நீட்டி மடக்கும் குச்சி வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

விலை குறைந்தவற்றில் முதலில் பழுதாவது பூட்டு. குழாய் அதற்குப் பிறகும் நன்றாகவே இருக்கும். மலிவாக வருபவற்றில் பல, முறுக்கிப் பூட்டும் வகை. உள்ளே ஒரு திருகும் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூம்பும் இருக்கும். முறுக்கினால் கூம்பு விரிந்து வெளிக்குழாயின் உட்சுவரைக் கவ்வும். புதிதில் குறையே தெரியாது. செம்மண் தூளும் ஈரமும் உள்ளே போனபின் முறுக்க முறுக்கச் சும்மா சுற்றும். அதுகூடப் பரவாயில்லை. பூட்டியதுபோல் காட்டிவிட்டு, இறக்கத்தில் முழு எடையையும் ஊன்றும் நேரத்தில் சரக்கென்று அரை அடி உள்ளே இறங்குவதுதான் ஆபத்து.

இதற்கு வைத்தியம் உண்டு. கணுவை, அதாவது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் துண்டை, உருவி, குழாயின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்து, கூம்பை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் இன்னும் சில நடைக்குப் பிடிக்கும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். உராய்வில் நிற்கும் பூட்டு அது, எண்ணெய் பட்டால் கவ்வவே கவ்வாது.

அதனால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது வெளியே மடக்கிப் பூட்டும் லிவர் உள்ள குச்சியை வாங்குங்கள். தளர்ந்தால் பக்கத்துத் திருகைக் கால் சுற்று இறுக்கினால் தீர்ந்தது. லிவர் முழுக்கப் பிளாஸ்டிக்காக இல்லாமல் உலோகமாக இருந்தால் பாறையில் மோதினாலும் தாங்கும். கடையிலேயே பூட்டிவிட்டு, இணைப்பில் பென்சிலால் கோடு போட்டு, இரண்டு கையாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்திப் பாருங்கள். கோடு நகர்ந்தால் வேண்டாம்.

குழாய்க்கு அலுமினியமே நல்லது. அலுமினியக் கலவையின் எண் 7075 என்று போட்டிருந்தால் 6061-ஐ விட வலுவானது. கார்பன் எடை குறைவுதான், ஆனால் பாறை இடுக்கில் சிக்கிப் பக்கவாட்டில் அழுத்தம் வந்தால் பட்டென்று முறியும். அலுமினியம் பெரும்பாலும் வளையும். வளைந்ததோடு வீடு வரை வந்துவிடலாம். நிமிர்த்தி மறுபடி பயன்படுத்த நினைக்காதீர்கள், அடுத்த முறை அதே இடத்தில் முறியும். ஊன்றும் அதிர்வைக் குறைக்க வைக்கும் ‘ஆன்டி ஷாக்’ ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பணம் தருவது வீண். எடையும் கடகட சத்தமும்தான் மிச்சம்.

நீளத்துக்குச் சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும், 165 செ.மீ. உயரமுள்ளவருக்குச் சுமார் 112 செ.மீ. ஏற்றத்தில் 5 முதல் 10 செ.மீ. குறைத்து, இறக்கத்தில் அதே அளவு கூட்டிக்கொள்ளலாம். குழாயில் உள்ள ‘ஸ்டாப்’ கோட்டைத் தாண்டி இழுத்தால் இணைப்பு பலவீனமாகி அங்கேயே ஒடியும். கைப்பட்டையில் கையைக் கீழிருந்து மேலாக நுழைத்துப் பட்டையோடு சேர்த்துப் பிடித்தால் எடை மணிக்கட்டில் இறங்கும், விரல் களைக்காது. புதர் அடர்ந்த இடத்திலும் பாறை இடுக்குகளிலும் கையைப் பட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள். குச்சி சிக்கினால் விட்டுவிட முடியும்.

மழை நடை முடிந்ததும் மூன்று கணுவையும் தனித்தனியாக உருவி ஒரு ராத்திரி காற்றாட வையுங்கள். ஈரத்தோடு மடக்கி மூலையில் வைத்தால் உள்ளே வெள்ளைப் பூப்பு பிடித்து, இரண்டு மாதம் கழித்து இழுத்தால் வராது.

முனை டங்ஸ்டன் கார்பைடாக இருக்கட்டும். சாதாரண இரும்பு முனை பாறையில் சீக்கிரம் மழுங்கி வழுக்கும். ரப்பர் மூடி சிமெண்டுப் படிக்கும் கல் படிக்கும் மட்டும்தான்; சேற்றில் போட்டால் மூடி சேற்றோடு போய்விடும். தேய்ந்த முனையைக் கழற்ற அந்த நுனியைக் கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, குறடால் திருகி இழுத்தால் போதும். புதியதை அழுத்திச் செருகி, கெட்டித் தரையில் நான்கைந்து முறை குத்தினால் உட்கார்ந்துவிடும். உங்கள் குச்சிக்குத் தனி முனை விற்கிறார்களா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.